சென்ற ஆண்டுக் கணக்கும் வரும் ஆண்டுக் கொள்முதலும்

(இரண்டாம் ஆண்டு, இளங்கலை அறிவியல் – புள்ளியியல்)

வணிகம் செய்வோர் ஆண்டுக்கு ஒருமுறையாவது வருங்காலத்தைக் கணித்தே ஆகவேண்டும். பல கோடி முதலீட்டில் நடக்கும் ஆலைக்கும் இது பொருந்தும். பேருந்து நிலையத்தை ஒட்டிய பத்தடிக்குப் பன்னிரண்டடிக் கடைக்கும் பொருந்தும். எவ்வளவு வாங்குவது, எப்போது வாங்குவது, எவ்வளவு கடன்படுவது என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை சொல்லக் கையில் இருப்பது பழைய கணக்கு ஒன்றுதான். அந்தக் கணக்கை எப்படிப் படிப்பது, எப்படிப் படித்தால் அது நம்மை ஏமாற்றும் என்பதே இக்கட்டுரையின் பொருள். ஆலையைப் பற்றி எழுத எனக்குத் தகுதி இல்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் கடையைப் பற்றி எழுதலாம். அது என் தந்தையாருடையது.

பெரம்பலூர் மாவட்டத்தில் ஒரு சிற்றூரில் எங்கள் ரெடிமேட் கடை இருக்கிறது. லுங்கி, பனியன், நைட்டி, பாவாடை எல்லாம் உண்டு என்றாலும், கடையைக் காப்பாற்றுவது சிறுவர்களுக்கான சட்டையும் கால்சட்டையும் சேர்ந்த 'செட்டு'. அதுவும் தீபாவளிக்கு முந்திய முப்பது நாளில் விற்கும் செட்டு. சுற்றுவட்டாரம் மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளைகிற மானாவாரிப் பூமி. தமக்கு எடுக்காவிட்டாலும் பிள்ளைக்கு ஒரு செட்டு எடுக்காமல் யாரும் தீபாவளியைக் கழிப்பதில்லை. ஆடி கழிந்ததும் அம்மாவின் சங்கிலி வங்கிக்குப் போகும். வங்கிப் பணம் ஈரோட்டு ஜவுளிச் சந்தைக்குப் போகும். விற்பனை நன்றாக இருந்தால் கார்த்திகையில் சங்கிலி வீடு திரும்பும். இதுவே எங்கள் வீட்டின் ஆண்டுத் திட்டம்.

என் தந்தையார் எட்டாம் வகுப்புவரை படித்தவர். ஆனால் கணக்கெழுதுவதில் ஒருநாளும் தவறியதில்லை. நீள நோட்டுகளில் நாள்வாரியாக, சரக்குவாரியாக எழுதி வைத்திருக்கிறார். அந்த நோட்டுகளிலிருந்து நான் எடுத்த எண்கள் இவை. முதலில் இருப்பது தீபாவளி வந்த நாள். அடுத்தது அதற்கு முந்திய முப்பது நாளில் விற்ற செட்டுகள்.

2019, அக்டோபர் 27 – 410
2020, நவம்பர் 14 – 260
2021, நவம்பர் 4 – 345
2022, அக்டோபர் 24 – 540
2023, நவம்பர் 12 – 390
2024, அக்டோபர் 31 – 350

இவற்றை வைத்துக்கொண்டு 2025-க்கு எத்தனை செட்டு வாங்குவது? 'போன வருஷம் போனது, அதுக்கு மேலே கொஞ்சம்' என்பது தந்தையாரின் சூத்திரம். கடைத்தெருவில் பெரும்பாலோர் சூத்திரமும் அதுவே. நல்ல சூத்திரம்தான், எங்கள் குடும்பத்தை ஒருமுறை படுக்க வைத்ததைத் தவிர அதன்மேல் வேறு குற்றம் சொல்வதற்கில்லை.

2022-இல் 540 செட்டு விற்றது. தந்தையார் ஈரோட்டுக்கு இரண்டு முறை போய் வந்தார். அந்த உற்சாகத்தில் 2023 ஆவணியில் 620 செட்டுக்குப் பணம் கட்டினார். விற்றது 390. மீதி 230 செட்டு கடையின் பரணில் ஏறியது. ஒரு செட்டின் அடக்க விலை 250 ரூபாய். தீபாவளிக்கு விற்கும் விலை 370. தீபாவளி போனபின் 170-க்குத்தான் தள்ள முடியும். அதாவது மிஞ்சும் ஒவ்வொரு செட்டிலும் 80 ரூபாய் நட்டம். 230 செட்டுக்கு 18,400 ரூபாய். அவ்வாண்டு கார்த்திகையில் சங்கிலி திரும்பவில்லை. வட்டியைக் கட்டி மறுபடி அங்கேயே வைத்தார்கள்.

அப்போது நான் பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தேன். தேர்வு முடிந்ததும் சம்பள ஆளை நிறுத்திவிட்டு என்னைக் கடையில் உட்கார வைப்பது என்று வீட்டில் ஏறக்குறைய முடிவாகியிருந்தது. "சங்கிலி எப்ப வேணும்னாலும் வரட்டும், புள்ள இப்பத்தான் போகமுடியும்" என்று அம்மா சொன்னதால் நான் இக்கல்லூரிக்கு வந்தேன். எங்கள் குடும்பத்தில் இதற்குமுன் யாரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. புள்ளியியல் என்றால் என்ன படிப்பு என்று தந்தையார் கேட்டார். "கணக்குதாம்பா" என்றேன். "கணக்கு நம்ம கடையிலேயே இருக்கே பாப்பா" என்றார். அவர் சொன்னது எவ்வளவு சரி என்பது எனக்கு விளங்க ஓராண்டு ஆயிற்று.

இரண்டாமாண்டுத் தொடக்கத்தில் காலம்சார் தொடர்வரிசைப் பாடம் வந்தது. நீள்காலப் போக்கு, பருவகால மாறுபாடு, சுழல் மாறுபாடு, ஒழுங்கற்ற மாறுபாடு என்ற நான்கு கூறுகளையும் நம் துறை நண்பர்கள் அனைவரும் அறிவர். வீட்டுக் கணக்கை எடுத்துக்கொண்டு மூன்றாண்டு நகரும் சராசரி போட்டேன். 338, 382, 425, 427 என்று வந்தது. எவ்வளவு அழகான ஏறுமுகம்! நம் வியாபாரம் வளர்ந்துகொண்டே போகிறது என்று அன்றிரவு தந்தையாரிடம் சொன்னேன். அவர் பரணைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் எங்கள் பேராசிரியர் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "2020-இல் என்ன நடந்தது?" கொரோனா ஆண்டின் 260 முதல் இரண்டு சராசரிகளையும் கீழே இழுத்து வைத்திருந்தது, மூன்றாவதில் அது வெளியேறியவுடன் சராசரி தானே மேலெழுந்தது. வளர்ந்தது வியாபாரம் அன்று. விலகியது ஒரு கெட்ட ஆண்டு. இப்பிழை என்னைப் போன்ற மாணவிக்கு மட்டும் உரியதன்று. 2021 ஏப்ரல் முதல் ஜூன் வரையான காலாண்டில் இந்தியப் பொருளாதாரம் 20.1 விழுக்காடு வளர்ந்தது என்று முதல் மதிப்பீடு வெளியானபோது அதை வியப்போடு பேசியவர்கள் பலர். அதற்கு முந்திய ஆண்டு அதே காலாண்டில் 24.4 விழுக்காடு சரிந்திருந்தது. 100 என்பது 75.6 ஆகி, பிறகு 20.1 விழுக்காடு ஏறினால் 90.8-தான் வரும். பள்ளத்திலிருந்து ஏறுபவன் மேடேறுவதுபோல் தோன்றுவான். அவன் இன்னும் தரைக்கே வந்திருக்கமாட்டான்.

ஆகவே முதலில் செய்ய வேண்டியது, ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் அந்த ஆண்டின் கதையை எழுதுவது. கூட்டிக் கழிப்பது அப்புறம். இதற்குத் தந்தையாரோடு இரண்டு இரவுகள் உட்கார்ந்தேன். நோட்டில் இல்லாத பல செய்திகள் அவர் நினைவில் இருந்தன.

நாட்காட்டி பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். தீபாவளி அமாவாசைக் கணக்கில் வருவது. மேலே தந்த ஆண்டுகளிலேயே அக்டோபர் 24-க்கும் நவம்பர் 14-க்கும் இடையே அது அலைந்திருக்கிறது. 2022 அக்டோபரில் தீபாவளி விற்பனை முழுவதும் அடக்கம். 2023 அக்டோபரில் பாதிகூட இல்லை. மாதக் கடைசியில் இரண்டு அக்டோபரையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத் தந்தையார் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அவ்வாண்டு உண்மையிலேயே நட்டம் வந்தது என்பது வேறு. ஆனால் அக்டோபர் சொன்ன அளவுக்கு அல்ல. சீனத்தில் புத்தாண்டு விழா சில ஆண்டுகளில் ஜனவரியிலும் சில ஆண்டுகளில் பிப்ரவரியிலும் வருவதால், அந்நாட்டுப் புள்ளிவிவரத் துறை சில்லறை விற்பனை போன்றவற்றுக்கு அவ்விரு மாதங்களையும் சேர்த்தே வெளியிடுகிறது. அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையின் பருவத் திருத்த முறையில் ஈஸ்டர் திருநாளுக்கென்றே தனி வழி உண்டு. நமக்கு அவ்வளவு வேண்டாம். தேதியை விட்டுவிட்டு, தீபாவளிக்கு எத்தனை நாள் முன்பு என்று எண்ணினால் போதும். நான் முப்பது நாள் என்று எடுத்ததும் அதனால்தான்.

அப்படியானால் முன்கூட்டி வரும் தீபாவளிக்கு வியாபாரம் குறையுமா? "வெள்ளாமை வீடு வருமுன்னே வர்ற தீபாவளிக்குக் காசு புழங்காது" என்பது தந்தையாரின் நெடுநாள் நம்பிக்கை. இருக்கலாம். ஆனால் ஆறு தீபாவளிகளை வைத்துக்கொண்டு, அவற்றுள் ஒன்று கொரோனா ஆண்டாகவும் இருக்கும்போது, இதை நிறுவவும் முடியாது, மறுக்கவும் முடியாது. நானும் அவரும் இதை அப்படியே விட்டுவிட்டோம்.

இனி 2022-க்கு வருகிறேன். அவ்வாண்டு எங்களுக்கு எதிரே இருந்த பெரிய கடையை இடித்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே போகவேண்டிய கூட்டம் எங்களிடம் வந்தது. அடுத்த ஆண்டு அவர்கள் மூன்று மாடியோடு திறந்தார்கள். இது தந்தையாருக்குத் தெரியாதா என்றால், நன்றாகவே தெரியும். இருந்தும் 540 என்ற எண்ணைக் கண்ணால் கண்டபின் அதற்குக் கீழே நினைக்க அவர் மனம் ஒப்பவில்லை. 'வந்த கூட்டத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளலாம்' என்று எண்ணினார்.

எதிர்க்கடை இடிபட்ட செய்தியே நமக்குத் தெரியாது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் 540-ஐ நம்பியிருக்கக்கூடாது. பல ஆண்டுகளுள் மிக உயர்ந்த ஒன்றைப் பொறுக்கியெடுத்தால், அதில் முயற்சியோடு அதிர்ஷ்டமும் கலந்திருக்கவே வாய்ப்பு அதிகம். அதிர்ஷ்டம் அடுத்த ஆண்டும் அதே வாசலுக்கு வரவேண்டும் என்பதில்லை. இதை 1886-இல் பிரான்சிஸ் கால்டன் உயரங்களை அளந்து காட்டினார். மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் உயரமானவர்களே என்றாலும் சராசரியை நோக்கிச் சற்று இறங்குகிறார்கள். தொடர்புப் போக்கு என்று நாம் படிக்கும் பாடம் பிறந்த கதை அது.

இந்தப் பாடத்தை வணிகத்தில் மறந்தவர் ஒருவர் உண்டு. அவரும் புள்ளியியல் பேராசிரியரே. அமெரிக்காவில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹோரஸ் சீக்ரிஸ்ட், பல தொழில்களைச் சேர்ந்த நிறுவனங்களின் கணக்குகளை ஆண்டுக்கணக்காகத் திரட்டினார். முதல் ஆண்டில் நன்றாக நடந்தவற்றை ஒரு குழுவாகவும் மோசமாக நடந்தவற்றை மற்றொரு குழுவாகவும் பிரித்து, அவை பின்னாளில் என்ன ஆயின என்று பார்த்தார். உயர்ந்தவை இறங்கின, தாழ்ந்தவை ஏறின, எல்லாம் நடுத்தரத்தை நோக்கி வந்தன. போட்டி வணிகத்தில் நடுத்தரமே வெல்லும் என்று முடிவுகட்டி 1933-இல் பெரிய நூலொன்றை வெளியிட்டார். அதே ஆண்டில் ஹெரால்டு ஹோட்டலிங் என்ற அறிஞர் அந்நூலை மதிப்பிட்டு எழுதினார். முதல் ஆண்டுக்குப் பதிலாகக் கடைசி ஆண்டை வைத்துக் குழு பிரித்தால் படம் தலைகீழாகிவிடும். நடுவில் கூடியிருந்த நிறுவனங்கள் நாளடைவில் விலகிப் போனதுபோல் தோன்றும் என்று அவர் காட்டினார். அதாவது நூல் முழுவதும் சொன்னது வணிகத்தின் இயல்பை அன்று. பொறுக்கியெடுக்கும் முறையின் விளைவை. யானைகளை வரிசை வரிசையாக நிறுத்தி வாய்பாட்டை மெய்ப்பிப்பது போன்ற வேலை இது என்று பின்னர் அவர் நகைத்தார் என்பர்.

சீக்ரிஸ்ட் உழைப்பாளி. பத்தாண்டுக் கணக்கைத் திரட்டியவர். அவரே சறுக்கியிருக்கிறார் என்றால் என் தந்தையார் 620 செட்டு வாங்கியதை நான் எப்படிக் குறை சொல்வேன்? இந்தக் கதையை அவரிடம் சொன்னபோது, "அவருக்குப் பரண் இருந்துச்சா?" என்று மட்டும் கேட்டார்.

நோட்டு நமக்குச் சொல்லும் பொய்களுள் மிகப் பெரியது 2024-ஆம் ஆண்டின் 350 என்ற எண்தான். முந்திய ஆண்டு சூடு கண்ட தந்தையார் அவ்வாண்டு அஞ்சி அஞ்சி 350 செட்டு மட்டுமே வாங்கினார். எல்லாம் விற்றது. ஆகவே 'சென்ற ஆண்டு விற்பனை 350' என்று நோட்டு சொல்கிறது. ஆனால் தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு, அக்டோபர் 29 நண்பகலிலேயே கடைசிச் செட்டு போய்விட்டது. கடைசி நேரத்தில் சந்தைக்கு ஓடினாலும் அளவு கிடைக்காது. கடையை விட்டுப் போக ஆளும் இல்லை. அன்று கல்லூரியிலிருந்து வந்து நான் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். "இல்லீங்க", "தீந்துபோச்சுங்க", "அந்தச் சைஸ் இல்லம்மா" என்று தந்தையார் சொல்லிக்கொண்டே இருந்தார். ஒருவர் பையனைத் தோளில் தூக்கிக்கொண்டு திரும்பிப் போனார். அந்த 'இல்லை' ஒன்றுகூட நோட்டில் ஏறவில்லை. ஏறுவதற்கு இடமே இல்லை. நோட்டில் வரவு உண்டு, செலவு உண்டு, பாக்கி உண்டு. இல்லாமை என்றொரு பத்தி கிடையாது.

விற்பனை வேறு, தேவை வேறு என்பதை நான் அன்றுதான் உணர்ந்தேன். சரக்கு தீர்ந்த ஆண்டில் விற்பனை என்பது நாம் வாங்கி வைத்த அளவே தவிர, மக்கள் கேட்ட அளவு அன்று. அதை அப்படியே அடுத்த ஆண்டுக்கு அடிப்படையாக வைத்தால், நம் அச்சத்தையே நாம் மறுபடி அளந்து பார்க்கிறோம் என்று பொருள். 350 வாங்கினோம், 350 விற்றது, ஆகவே 350 போதும் என்று ஆண்டுதோறும் சரியாகவே சொல்லிக்கொண்டிருக்கலாம்!

அப்படியானால் உண்மைத் தேவையை எப்படி அறிவது? நாள்வாரிக் கணக்கு கைகொடுத்தது. 2019, 2021, 2022, 2023 ஆகிய நான்கு ஆண்டுகளிலும் கடைசி ஒன்றரை நாளில் எவ்வளவு விற்றது என்று பார்த்தேன். முப்பது நாள் விற்பனையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. எந்த ஆண்டும் அதிலிருந்து வெகுதூரம் விலகவில்லை. ஆகவே 2024-இல் விற்ற 350 என்பது மொத்தத் தேவையில் ஐந்தில் நான்கு பங்கு. முழுப் பங்கு 437 ஆகிறது. விட்டுப்போனது 87 செட்டு. செட்டுக்கு 120 ரூபாய் வீதம் 10,440 ரூபாய் இலாபம். முந்திய ஆண்டு நட்டம் பரணில் கண்ணெதிரே கிடந்தது. இந்த நட்டம் கண்ணில் படவே இல்லை. தந்தையார் அவ்வாண்டைச் 'சுத்தமான வருஷம்' என்று மகிழ்ச்சியோடு நினைவுகூர்வார்.

இனி 2025-க்கான மதிப்பீடு. கொரோனா ஆண்டையும், அதன் நிழல் படிந்த 2021-ஐயும், எதிர்க்கடை இல்லாத 2022-ஐயும் விலக்கி, 410, 390, 437 ஆகிய மூன்றின் சராசரியாக 412 என்று எடுத்தேன். மூன்று எண்ணுக்கு ஒரு சராசரியா என்று வகுப்பில் சிரித்தார்கள். இருப்பது அவ்வளவுதான். ஆனால் எவ்வளவு விலகக்கூடும் என்பதைக் கணக்கிடும்போது 2021-ஐயும் 2022-ஐயும் சேர்த்துக்கொண்டேன். அப்படிப்பட்ட ஆண்டு வருமென்று எதிர்பார்க்கக் கூடாது. வரவே வராது என்றும் இருந்துவிடக் கூடாது. 2020 நீங்கலாக ஐந்து ஆண்டுகளுக்கும் திட்ட விலக்கம் 73 வந்தது. சராசரிக்கு ஒரு தொகுதி, விலக்கத்துக்கு வேறு தொகுதி என்பதை எங்கள் பேராசிரியர் முழுமனதோடு ஏற்கவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

412 என்பது எதிர்பார்ப்பு. வாங்க வேண்டிய அளவும் அதுதானா? அன்று. இங்கே 'செய்தித்தாள் விற்பவர் சிக்கல்' என்று வழங்கும் கணக்கு உதவுகிறது. இருப்புச் சரக்குப் பற்றி ஆரோ, ஹாரிஸ், மார்ஷாக் ஆகிய மூவரும் 1951-இல் எழுதிய கட்டுரை இத்துறையில் பெயர்பெற்றது. கணக்கு கடினமன்று. கூடுதலாக ஒரு செட்டு வாங்கி அது விற்றால் 120 ரூபாய் வரவு. விற்காவிட்டால் 80 ரூபாய் நட்டம். அந்த ஒரு செட்டு விற்பதற்கான வாய்ப்பு நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் இருக்கும்வரை வாங்கிக்கொண்டே போகலாம். நாற்பதில் நிறுத்திவிட வேண்டும். இயல்நிலைப் பரவல் என்று கொண்டால், சராசரிக்கு மேல் திட்ட விலக்கத்தில் ஏறத்தாழ கால் பங்கு. 412-உடன் 19 சேர்த்தால் 431. மொத்த வியாபாரி ஐந்து ஐந்தாகத்தான் கட்டுவார். ஆகவே 435.

இலாபம் கூடுதலாகவும் தேக்கம் நட்டம் குறைவாகவும் இருக்கும் சரக்கை எதிர்பார்ப்புக்கு மேலேயே வாங்கலாம். இலாபம் குறைந்து, தேங்கினால் அடியோடு போகும் சரக்கை எதிர்பார்ப்புக்குக் கீழேதான் வாங்க வேண்டும். பூக்கடைக்காரர்கள் இதை எந்தப் பல்கலைக்கழகத்திலும் படிக்காமலே செய்கிறார்கள்.

ஈரோடு போகுமுன் தந்தையாரிடம் 435 என்றேன். நீண்ட நேரம் பார்த்துவிட்டு, "சரி பாப்பா, நீ சொல்ற அளவு" என்றார். அந்த வார்த்தையைக் கேட்டபின் எனக்குத் தூக்கம் வரவில்லை என்பதை ஒளிப்பானேன்? தேர்வுத்தாளில் விடை தவறினால் மதிப்பெண் போகும். இங்கே தவறினால் போவது எது என்று எனக்குத் தெரியும்.

இன்னொன்றும் செய்தேன். நாற்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கி, கல்லாவுக்குப் பக்கத்தில் நூலில் கட்டித் தொங்கவிட்டேன். அட்டையில் 'இல்லை' என்று எழுதினேன். யார் எதைக் கேட்டு நாம் இல்லை என்று சொல்கிறோமோ, அளவைக் குறித்து ஒரு கோடு போடவேண்டும். கடை உதவியாளர் அண்ணன் முதலில் சிரித்தார். பிறகு என்னைவிட ஒழுங்காகப் போட்டார். தந்தையாருக்கு அந்த அட்டை பிடிக்கவில்லை. கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் 'இல்லை' என்ற சொல் தொங்கலாமா? அதனால் அட்டையைத் திருப்பி மாட்டினோம்.

2025-இல் தீபாவளி அக்டோபர் 20-ஆம் நாள் வந்தது. வாங்கியது 435, விற்றது 396, மிஞ்சியது 39. 'இல்லை' நோட்டில் 31 கோடுகள். ஆகத் தேவை 427 எனலாம். (கேட்டவரெல்லாம் வாங்கியிருப்பாரா, ஒருவரே இருமுறை கேட்டிருப்பாரா என்ற ஐயம் நியாயமானதே, எனவே 427 என்பது உச்ச அளவு.) மொத்தத்தில் என் மதிப்பீடு மோசமில்லை. ஆனால் ஒரே கடையில் 39 மிஞ்சவும் செய்து, 31 பேருக்கு இல்லை என்று சொல்லவும் நேர்ந்தது எப்படி?

கோடுகளைப் பார்த்தபோது விளங்கியது. 31 கோடுகளில் ஏறக்குறைய எல்லாமே 32, 34-ஆம் அளவுகள். அதாவது எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பையன்கள். மிஞ்சிய 39-இல் பெரும்பகுதி 20, 22-ஆம் அளவுகள். மொத்த வியாபாரி கட்டுகிற கட்டில் எல்லா அளவும் சமமாக இருக்கும். நாங்கள் அதை அப்படியே வாங்கி வந்தோம். நான் மொத்த எண்ணிக்கையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேனே தவிர, அளவுவாரியாகப் பிரித்துப் பார்க்கவில்லை. பழைய நோட்டுகளிலும் அளவு எழுதப்படவில்லை. "பச்சைப் புள்ளைங்க குறைஞ்சுபோச்சு பாப்பா, முன்னெல்லாம் ஒரு வீட்டுக்கு மூணு எடுப்பாங்க" என்றார் தந்தையார். தேசியக் குடும்பநல ஆய்வின் 2019–21 சுற்றில் தமிழ்நாட்டின் மொத்தக் கருவள விகிதம் 1.8 என்று பாடத்தில் படித்திருக்கிறேன். அது எங்கள் பரணில் 20-ஆம் அளவுச் சட்டையாக வந்து உட்காரும் என்று எண்ணவில்லை. ஒரே ஆண்டுக் கணக்கை வைத்து அதுதான் காரணம் என்று துணியவும் மாட்டேன்.

வட்டியை விட்டுவிட்டு வரவைப் பார்ப்போம். 396 செட்டுக்கு 47,520 ரூபாய் இலாபம், 39 செட்டில் 3,120 நட்டம், ஆக 44,400. நட்டப்பட்ட 2023-இல் இதே கணக்கு 28,400. அஞ்சி வாங்கிய 2024-இல் 42,000. ஆக, அச்சத்தைவிட என் புள்ளியியல் ஈட்டித் தந்தது 2,400 ரூபாய். அதே 435 செட்டையும் அளவு பார்த்து வாங்கியிருந்தால் 427 விற்று, எட்டே மிஞ்சி, 50,600 ரூபாய் வந்திருக்கும். திட்ட விலக்கம் போட்ட என் கணக்கைவிட, நூலில் தொங்கிய நாற்பது பக்க நோட்டின் மதிப்பு இரண்டு மடங்குக்கு மேல்! இதை எழுதும்போது சற்று வருத்தமாகத்தான் இருக்கிறது.

பொங்கலுக்கு முன்பு சங்கிலி வீட்டுக்கு வந்தது. அம்மா அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு முதலில் அடுத்த வீட்டுக்குத்தான் போனார்கள்.

நோட்டின் முதல் பக்கத்தில் மதிப்பீட்டை முன்கூட்டியே எழுதி, தேதியும் போடவேண்டும் என்பதை இப்போது வழக்கமாக்கியிருக்கிறோம். நடந்து முடிந்தபின் 'எனக்கு அப்பவே தெரியும்' என்று சொல்வது மனித இயல்பு. 1972-இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் நிக்சன் சீனத்துக்கும் மாஸ்கோவுக்கும் சென்ற பயணங்களைப் பற்றி மாணவர்களிடம் முன்கூட்டியே கணிப்பு வாங்கி வைத்து, பயணம் முடிந்தபின் அவர்கள் தம் பழைய கணிப்பை எப்படி நினைவு வைத்திருக்கிறார்கள் என்று பாருக் பிஷ்ஹாப் என்ற உளவியலறிஞரும் அவருடைய தோழியாரும் ஆராய்ந்து 1975-இல் வெளியிட்டார்கள். நடந்ததையே தாங்கள் முன்பே சொன்னதாகப் பலர் நினைத்தனர். எங்கள் வீட்டில் இதற்கு ஆராய்ச்சி தேவைப்படவில்லை. 2023-இல் 620 அதிகம் என்று தமக்கு அப்போதே தெரியும் என்று தந்தையார் சொல்வார். அம்மாவும் தமக்கு அப்போதே தெரியும் என்பார். அப்போது பன்னிரண்டாம் வகுப்பில் இருந்த என் மனத்திலும் அப்படி ஓர் எண்ணம் இருக்கத்தான் செய்கிறது. யாரும் எழுதி வைக்கவில்லை.

2026-இல் தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. இப்போது என்னிடம் நான்கு எண்கள் உள்ளன: 410, 390, 437, 427. சராசரி 416. கால் பங்கு விலக்கத்தையும் சேர்த்து, ஐந்தின் மடங்காக்கினால் மறுபடி அதே 435 வருகிறது. எண் மாறவில்லை, 20, 22-ஆம் அளவுகளில் முப்பதைக் குறைத்து 32, 34-ஆம் அளவுகளில் சேர்த்திருக்கிறேன். தந்தையார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைப் படித்துப் பார்த்தார். பிறகு பேனாவை வாங்கி, என் எண்ணுக்குப் பக்கத்தில் தம் கையெழுத்தில் 460 என்று எழுதித் தேதியும் போட்டார். காரணம் கேட்டேன். எதிர்க்கடையில் இந்த ஆண்டு பங்காளிகளுக்குள் பாகப்பிரிவினை நடக்கப்போகிறதாம். அதை எந்தப் பத்தியில் எழுதுவது என்று தெரியாமல், இரண்டு எண்களுக்கும் கீழே ஒரு வரியாக எழுதி வைத்திருக்கிறேன்.